சி.ஆர். எழுதும் கையும் சட்டத்தின் கண்ணும்



அரசு ஊழியரின் பணி மதிப்பீட்டைச் சட்டம் எப்படிக் கண்காணிக்கிறது என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. அவைத்தலைவர் இதை அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தலைப்பு அப்படி. இதையே ‘உங்கள் சி.ஆர்.’ என்று சொல்லியிருந்தால் அதே நண்பர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். முப்பது வருஷம் வேலை பார்த்தவர் வாங்கிய மெமோக்களை மறந்துவிடுவார், போன ஊர்களை மறந்துவிடுவார். ஆனால் தன் சி.ஆரில், அதாவது மேலதிகாரி வருஷாவருஷம் எழுதும் ரகசியக் குறிப்பேட்டில், யார் என்ன எழுதினார் என்று ஒருமுறை காதில் விழுந்திருந்தால் அதைச் சாகிறவரை மறக்க மாட்டார்.

ஏன் மறக்க மாட்டார்? அந்த ஒரு தாளில்தான் அவருடைய பதவி உயர்வு இருக்கிறது, பணிக்காலம் நீடிப்பதும் நீடிக்காததும் இருக்கிறது, ஓய்வூதியத்தின் அளவுகூட இருக்கிறது. அந்தத் தாள் பல பத்தாண்டுகள் அவர் கண்ணுக்கே காட்டப்படாமல் இருந்தது. அதைக் காட்டு என்று நீதிமன்றம் சொன்ன கதை ஒன்று. காட்டச் சொன்ன நீதிமன்றமே எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பது இன்னொரு கதை. இரண்டையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு பொறியாளரிடமிருந்து தொடங்குகிறேன்.

தேவ் தத் என்பவர் எல்லைச் சாலை அமைப்பில் வேலை பார்த்தவர். மலையைக் குடைந்து, பனியை வெட்டி, ராணுவ லாரி போவதற்குப் பாதை போடுகிற அமைப்பு அது.  1988-ல் செயற்பொறியாளர் ஆனார். அடுத்த படி கண்காணிப்புப் பொறியாளர். அந்தப் படி ஏற வேண்டுமானால் கடைசி ஐந்து வருஷத்து அறிக்கைகளிலும் ‘வெரி குட்’ இருக்க வேண்டும். இதற்குப் பெஞ்ச்மார்க் என்று பெயர். 1993-94ஆம் ஆண்டு அறிக்கையில் அவருக்கு விழுந்தது ‘குட்’. அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போனார்கள், அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

‘குட்’ விழுந்தது அவருக்குத் தெரியுமா? தெரியாது. யாரும் சொன்னார்களா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அரசு தந்த பதிலைக் கவனியுங்கள். பாதகமான குறிப்பு என்றால்தான் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், ‘குட்’ என்பது பாதகமில்லையே, பாராட்டுதானே! விதியில் இருந்ததும் அதுதான்.

நண்பர்களே, ஒரு கல்லூரியில் சேர கட்-ஆஃப் 75 என்று வையுங்கள். ஒரு பையன் 60 வாங்குகிறான். ஃபெயில் ஆனவனுக்கு மட்டும்தான் மதிப்பெண்ணைச் சொல்வோம், நீ பாஸ், அதனால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று பள்ளிக்கூடம் சொன்னால் அந்தப் பையனின் அப்பா சும்மா இருப்பாரா? சீட்டு போனது போனதுதானே? அதைப் பாராட்டினால் என்ன, பழித்தால் என்ன?

குவஹாத்தி உயர்நீதிமன்றத்தில் தேவ் தத் இரண்டு முறை தோற்றார். தனி நீதிபதியிடம் ஒருமுறை, அமர்விடம் ஒருமுறை, இரண்டும் 2001-ல். உச்சநீதிமன்றம் போனார். 2008 மே 12 அன்று நீதிபதிகள் எச்.கே. சேமாவும் மார்க்கண்டேய கட்ஜுவும் தீர்ப்பளித்தார்கள். குறிப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பதை நாங்கள் பார்க்கப் போவதில்லை, அது அந்த மனிதரை என்ன செய்தது என்பதைத்தான் பார்ப்போம் என்பதே தீர்ப்பின் சாரம். பதவி உயர்வைத் தடுக்கிற ‘குட்’ பாதகமான குறிப்புதான். அதைச் சொல்லாமல் மறைப்பது தான்தோன்றித்தனம், அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் உறுப்புக்கு விரோதம். நல்லதோ கெட்டதோ, சராசரியோ சிறப்போ, எந்தக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்தபோது தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டார். நீதிமன்றம் அதையும் யோசித்தது. இரண்டு மாதத்துக்குள் அந்தக் ‘குட்’டை அவருக்குத் தெரிவியுங்கள், அவர் முறையீடு செய்யட்டும், இரண்டு மாதத்துக்குள் அதை முடிவு செய்யுங்கள், குறிப்பு மேம்பட்டால் பின்தேதியிட்டுப் பதவி உயர்வைப் பரிசீலியுங்கள், கிடைத்தால் நிலுவையை 8 சதவீத வட்டியோடு கொடுங்கள் என்று உத்தரவிட்டது. எழுதப்பட்டுப் பதினான்கு வருஷம் கழித்து, அவரைப் பற்றி எழுதியதை அவரிடம் காட்டும்படி உத்தரவு!

அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அபிஜித் கோஷ் தஸ்திதார் வழக்கில் இதே பாதையில் நடந்தது. அவர் அஞ்சல் துறை அதிகாரி. ஊழியரிடம் காட்டாத குறிப்பை அவருடைய பதவி உயர்வுக்கு எதிராக எடுத்து வைக்கக் கூடாது என்றது அமர்வு. அதில் ஒருவர் நம் ஈரோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த நீதிபதி பி. சதாசிவம். ஆனால் உச்சநீதிமன்றத்திலேயே வேறு அமர்வுகள் மாறாகவும் சொல்லியிருந்தன. குழப்பம் தீர இன்னும் ஐந்து வருஷம் ஆனது. 2013 ஏப்ரல் 23 அன்று சுக்தேவ் சிங் வழக்கில் நீதிபதிகள் லோதா, மதன் லோகூர், குரியன் ஜோசப் மூவரும் தேவ் தத் தீர்ப்புதான் சரி, மாறானவை சரியல்ல என்று முடித்து வைத்தார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். உள்ளிட்ட அகில இந்தியப் பணிகளுக்கு 1970-ல் போட்ட ரகசியக் குறிப்பேட்டு விதிகள் போய், 2007-ல் செயல்திறன் மதிப்பீட்டு விதிகள் வந்தன. 2009 மே 14 அன்று மத்தியப் பணியாளர் துறை ஓர் உத்தரவு போட்டது. 2008-09 அறிக்கையில் தொடங்கி, நேர்மை பற்றிய பத்தி உட்பட முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட வேண்டும். அவர் 15 நாளில் முறையிடலாம். முறையீடு வந்து 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சி.ஆர்., ஏ.பி.ஏ.ஆர். என்கிற ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை ஆனது. வார்த்தைக்குப் பதிலாக ஒன்றிலிருந்து பத்துவரை எண் வந்தது. செய்த வேலைக்கு 40 சதவீதம், தனிப்பட்ட பண்புகளுக்கு 30, பணித் திறமைக்கு 30. எட்டும் அதற்கு மேலும் ‘அவுட்ஸ்டாண்டிங்’, ஆறிலிருந்து எட்டுக்குள் ‘வெரி குட்’, நாலிலிருந்து ஆறுக்குள் ‘குட்’. இப்போது காகிதமே இல்லை, ஸ்பாரோ என்கிற இணையவழிதான். ஏப்ரல் 15-க்குள் தன்மதிப்பீடு, ஜூன் 30-க்குள் நேர் அதிகாரி, ஜூலை 31-க்குள் மறுஆய்வு அதிகாரி, ஆகஸ்ட் 31-க்குள் ஏற்பு அதிகாரி என்று கால அட்டவணையும் உண்டு. அது தள்ளிப்போகிற வருஷங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

கால அட்டவணை எதற்கு? 1987-ல் உச்சநீதிமன்றம் வாத்வா என்கிற ஹரியானா ஐ.பி.எஸ். அதிகாரியின் வழக்கை விசாரித்தது. அவரைப் பற்றிய பாதகமான குறிப்பு அவர் கைக்கு வர 27 மாதம் ஆகியிருந்தது. குறையைச் சொல்வது எதற்கு? திருத்திக்கொள்ளத்தானே? இரண்டேகால் வருஷம் கழித்துச் சொன்னால் அதில் திருத்த என்ன இருக்கிறது? விதியில் உள்ள காலக்கெடு கட்டாயமில்லை, வழிகாட்டுவதுதான் என்றாலும் அதைக் காற்றில் விடலாம் என்று அர்த்தமில்லை என்றது நீதிமன்றம். 1996-ல் உத்தரப் பிரதேச ஜல் நிகாம் வழக்கில் இன்னொரு வாசல் திறந்தது. போன வருஷம் ‘அவுட்ஸ்டாண்டிங்’ வாங்கியவரை இந்த வருஷம் கீழே இறக்கினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும், அதை அவரிடம் சொல்லவும் வேண்டும். 1994-ல் ஒரிசாவின் ஒரு கல்லூரி ஆசிரியரை ஒரே ஒரு வருஷத்துக் கெட்ட அறிக்கையை வைத்துக் கட்டாய ஓய்வில் அனுப்பியதை நீதிமன்றம் ரத்து செய்தது. 2000-ல் நம் தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரி பத்ரிநாத் வழக்கு வந்தது. அவரைத் தேர்வு செய்ய உட்கார்ந்த குழுவின் மதிப்பீட்டில் ஒருதலைப்பட்சம் கலந்திருந்தது என்று கண்ட உச்சநீதிமன்றம், ஏற்கனவே பதவி உயர்வு கிடைத்த பிறகு அதற்கு முந்தைய பழைய குறிப்புகளுக்கு அவ்வளவு விஷம் கிடையாது என்றும் சொன்னது. அதோடு விடவில்லை. மீண்டும் குழுவுக்கே அனுப்பினால் நியாயம் கிடைக்காது என்று, உயர்வைத் தானே கொடுத்தது. நீதிமன்றம் அப்படிக் கொடுப்பது அபூர்வம்.

அந்த அபூர்வத்தை விட்டால், இதுவரை சொன்ன வழக்குகளில் நீதிமன்றம் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தொட்டது. மதிப்பெண்ணைத் தொடவில்லை. மதிப்பெண் வந்த வழியைத் தொட்டது. யார் எழுதினார்? எப்போது எழுதினார்? காரணம் எழுதினாரா? காட்டினாரா? பதில் சொல்ல விட்டாரா? என் பேச்சு முழுவதும் இந்த ஒன்றைத்தான் சுற்றி வரப்போகிறது. தயவு செய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் எழுதினார் என்ற கேள்விக்கு அண்மையில் ஒரு நல்ல பதில் வந்தது. கோதவர்மன் வழக்கு என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் தொடங்கிய வழக்கு. முப்பது ஆண்டுகளாக நாடு முழுவதுக்கும் காட்டுச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வழக்கிலேயே 2025 மே 21 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாயும் நீதிபதி அகஸ்டின் ஜார்ஜ் மசியும் ஒரு தீர்ப்புத் தந்தார்கள். மத்தியப் பிரதேச அரசு 2024 ஜூன் 29 அன்று போட்ட உத்தரவு ஒன்றை ரத்து செய்தார்கள். அந்த உத்தரவு என்ன சொன்னது? இந்திய வனப்பணி அதிகாரிகளின் மதிப்பீட்டில் மாவட்ட ஆட்சியரும் கோட்ட ஆணையரும் எழுதலாம் என்றது.

ஆட்சியர் எழுதினால் என்ன கெட்டது என்று கேட்கலாம். ஆட்சியர் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள். மாவட்டத்தில் சாலை வர வேண்டும், சுரங்கம் வர வேண்டும், பாசனத் திட்டம் வர வேண்டும். அதை நடத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு ஆட்சியருக்கு. இந்த இடத்தில் காடு இருக்கிறது, முடியாது என்று எழுத வேண்டிய பொறுப்பு வன அதிகாரிக்கு. ‘முடியாது’ என்று கோப்பில் எழுதுகிற கைக்கு வருஷம் முடிந்ததும் மதிப்பெண் போடுகிறவர், ‘முடியும்’ என்று கேட்டவராக இருக்கலாமா? தீர்ப்பில் இந்த வார்த்தைகள் இல்லை. இது என் வாசிப்பு. வன அதிகாரியின் பணியை மதிப்பிட அந்தப் பணியிலேயே மேலே உள்ளவர்தான் தகுதியானவர் என்றது தீர்ப்பு. ஆட்சியர் வளர்ச்சிப் பணிகளைப் பற்றித் தனித்தாளில் கருத்துச் சொல்லலாம், அதையும் மேல் வன அதிகாரி பரிசீலிப்பார். அவ்வளவுதான். வேறு மாநிலங்கள் எல்லாம் முன்பே பின்பற்றி வந்ததை மத்தியப் பிரதேசம் மட்டும் மீறியிருந்தது என்பதையும் நீதிமன்றம் குறித்தது.

இனி ராணுவம். தேவ் தத் தீர்ப்பே ராணுவ அதிகாரிகளுக்குப் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அவர்களுக்கு வேறு விதி, வேறு கட்டுப்பாடு. சரி. ஆனால் அந்த ராணுவத்திலிருந்துதான், மதிப்பீட்டு அறிக்கை எப்படி ஒருவரைச் சத்தமில்லாமல் சாய்க்கும் என்பதற்கு மிகச் சிறந்த பாடம் வந்தது. நான் இளம் வழக்குரைஞர்களிடம் முழுசாகப் படிக்கச் சொல்லும் தீர்ப்பு இது. லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கு, 2021 மார்ச் 25.

பின்னணி இதுதான். 1992 முதல் பெண்கள் ராணுவத்தில் குறுகிய காலப் பணிக்கு வந்தார்கள். பெரும்பாலான பிரிவுகளில் நிரந்தரப் பணி அவர்களுக்குக் கிடையாது. பதினான்கு வருஷத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். 2020 பிப்ரவரியில் பபிதா புனியா வழக்கில் உச்சநீதிமன்றம் பெண்களுக்கும் நிரந்தரப் பணி கொடு என்றது. ராணுவமும் தேர்வுக் குழு அமைத்தது. ஆண்களுக்கு என்ன அளவுகோலோ அதேதான் பெண்களுக்கும் என்றது. கேட்டால் சமத்துவம் மாதிரிதான் இருக்கிறது, இல்லையா?

அளவுகோல் எது? பழைய ஆண்டறிக்கைகள். அந்த அறிக்கைகள் எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டன? இந்தப் பெண்ணுக்கு நிரந்தரப் பணி வரப்போவதில்லை, எப்படி எழுதினாலும் பதினான்கு வருஷத்தில் போகப்போகிறார் என்று நினைத்து ஒரு மேலதிகாரி அக்கறையில்லாமல் எழுதிய அறிக்கைகள். பக்கத்தில் இருக்கும் ஆண் அதிகாரிக்கோ அந்த அறிக்கைதான் எதிர்காலம். அவருக்கு யோசித்து, அளந்து, நிறைவாக எழுதுவார்கள். பெண்ணுக்கு அவசரமாக ஒரு சராசரி. எழுதியவருக்கு வஞ்சம் இருந்ததா? இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அலட்சியம் போதும். பிறகு ஒருநாள் விதி மாறுகிறது. அலட்சியமாக எழுதிய அந்தத் தாளையே எடுத்து வைத்து, அந்தப் பெண்ணை அந்த ஆணோடு நிறுத்தி எடை போடுகிறார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். ஐந்தாம் ஆண்டு அல்லது பத்தாம் ஆண்டு அறிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் என்ன சாதித்தார்கள், எந்த விருது வாங்கினார்கள், எந்தப் பொறுப்பைச் சுமந்தார்கள், எதுவும் கணக்கில் வரவில்லை. நீதிபதிகள் சந்திரசூடும் எம்.ஆர். ஷாவும் இது மறைமுகப் பாகுபாடு என்றார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லும் ஒரு மதிப்பீட்டு முறை, அதன் கணக்கில் ஒரு கூட்டத்தையே பின்தள்ளினால் அது சமத்துவம் ஆகாது என்பது தீர்ப்பு. 60 சதவீதக் கட்-ஆஃப் எட்டியவர்களுக்கு, மருத்துவ, ஒழுங்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நிரந்தரப் பணி கொடு என்று உத்தரவு போனது.

இந்தத் தீர்ப்பு முந்தையவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது, பார்த்தீர்களா? தேவ் தத் வழக்கில் ஒரு மனிதர், ஒரு குறிப்பு. நிதிஷா வழக்கில் முறையையே நீதிமன்றம் கூண்டில் ஏற்றியது. ஒரு வருஷ அறிக்கையைப் பார்த்தால் அதில் தவறே தெரியாது. நூறு அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். சட்டக் கண்காணிப்பு என்றால் தனி ஊழியரின் மனுவுக்குப் பதில் சொல்வது மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு திருப்பம்.

அடுத்தது, நீதிமன்றம் நின்ற இடம்.

அசோக் கேம்கா. ஹரியானா ஐ.ஏ.எஸ்., பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2016-17ஆம் ஆண்டு அறிக்கை. நேர் அதிகாரியாக இருந்த தலைமைச் செயலாளர் 8.22 போட்டார். மறுஆய்வு செய்த அமைச்சர் 9.92 போட்டார். ஏற்பு அதிகாரியான முதலமைச்சர், அமைச்சர் சற்று மிகைப்படுத்திவிட்டார் என்று எழுதி 9 ஆக்கினார். பத்துக்கு ஒன்பது! நம் வீட்டுப் பிள்ளை வாங்கினால் லட்டு வாங்கிக் கொடுப்போம். ஆனால் டெல்லியில் செயலாளர் பதவிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் ஒன்பதுக்கு மேலே நிற்கிற உலகத்தில், அந்தத் தசமப் புள்ளிக்கும் உயிர் உண்டு. அவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் போனார், தோற்றார். பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் போனார். 2019 மார்ச்சில் உயர்நீதிமன்றம் முதலமைச்சரின் குறிப்பை நீக்கி 9.92-ஐத் திருப்பிக் கொடுத்தது.

ஐந்து வருஷம் கழித்து, 2024 மார்ச் 11 அன்று, உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை மதிப்பிடுவது தனித் திறமை வேண்டிய வேலை, அது நிர்வாகத்தின் களம், உயர்நீதிமன்றம் அங்கே கால் வைத்திருக்கக் கூடாது என்றது. கேம்காவின் முறையீடு முடிவாகாமல் கிடந்தது. அதை 60 நாளில் முடிவு செய்யுங்கள் என்று உத்தரவிட்டது.

இந்த இடத்தில் அவையில் பலருக்கு வருத்தம் வரும். எனக்கு வரவில்லை. ஏன்? 8.22 சரியா, 9 சரியா, 9.92 சரியா என்று நீதிபதி உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தால், மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் நானும் என் சக வழக்குரைஞர்களும் தசமப் புள்ளிக்காகக் காலம் முழுக்க வாதாடிக்கொண்டிருப்போம். எங்களுக்கு அது நல்ல வருமானம். நாட்டுக்கு நல்லதா? மதிப்பெண்ணை நீதிமன்றம் போடக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘சற்று மிகை’ என்று எழுதுகிறவர் எது மிகை என்றும் எழுத வேண்டும். எந்தப் பத்தியில், எந்த வேலையில் மிகை? அதைக் கேட்பது நீதிமன்றத்தின் வேலைதான். முறையீட்டை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டது ஏன் என்று கேட்பதும் நீதிமன்றத்தின் வேலைதான். கடைசியில் உச்சநீதிமன்றம் செய்ததும் அதுதான், எண்ணை விட்டுவிட்டு, முறையீட்டுக்குப் பதில் சொல் என்றது. ஒரு அதிகாரி அந்தப் பதிலுக்கு உச்சநீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

கட்டாய ஓய்வு என்று ஒன்று இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். மத்திய அரசில் அடிப்படை விதி 56(ஜே). ஐம்பது அல்லது ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு, மூன்று மாத நோட்டீஸ் அல்லது மூன்று மாதச் சம்பளம், வீட்டுக்குப் போ. அது தண்டனை அல்ல, பொதுநலன் என்பது சட்டம். அங்கே, ஊழியரிடம் காட்டாத பாதகக் குறிப்பையும் பார்க்கலாம் என்று 1992-ல் பைகுண்ட நாத் தாஸ் வழக்கில் சொன்னார்கள். பதவி உயர்வுக்கு மறைக்கக் கூடாது, ஆனால் வேலையை விட்டே அனுப்புவதற்கு மறைத்து வைத்திருந்ததைப் பார்க்கலாம்! எனக்கு இது என்றைக்குமே பிடிபடவில்லை. முழு அறிக்கையும் இப்போது கைக்கு வந்துவிடுவதால் நடைமுறையில் இதன் கூர் மழுங்கியிருக்கிறது. ஆனால் ஏட்டில் கிடக்கிறது.

இனி, நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அறிக்கையைக் காட்டு என்றது சட்டம். காட்டினார்கள். காட்டிய பிறகு என்ன ஆனது? எழுதுகிறவர் யோசித்தார். ஏழு போட்டால் நாளை காலையில் இவன் என் அறையில் வந்து நிற்பான், முறையீடு எழுதுவான், நான் பதில் எழுத வேண்டும், தீர்ப்பாயம் போனால் அங்கேயும் பதில் எழுத வேண்டும். எதற்கு வம்பு? ஒன்பதரை போட்டுவிடு. எல்லோருக்கும் ஒன்பதரை. வேலை செய்தவருக்கும் ஒன்பதரை, செய்யாதவருக்கும் ஒன்பதரை. இதை நான் எங்கிருந்தும் படித்துச் சொல்லவில்லை, இந்த அவையில் கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீர்கள்.

எல்லோரும் ஒன்பதரை என்றால் மேல் பதவிக்கு ஆளை எப்படிப் பொறுக்குவது? இணைச் செயலாளர், அதற்கு மேலான பதவிகளுக்கு மத்திய அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. 360 டிகிரி முறை. அதிகாரியின் மேலே இருந்தவர், கீழே இருந்தவர், கூட இருந்தவர், வெளியில் அவரோடு வேலை பார்த்தவர் என்று பலரிடம் கருத்துக் கேட்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடம் கேட்டார்கள் என்று அந்த அதிகாரிக்குத் தெரியாது. என்ன சொன்னார்கள் என்று தெரியாது. மறுத்துச் சொல்ல இடமில்லை. 2017 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் பணியாளர் துறை நிலைக்குழு தன் 92ஆவது அறிக்கையில், இந்த முறை ஒளிவுமறைவானது, ஆளுக்கு ஆள் மாறுவது, முறைசாராத வழியில் கருத்து வாங்குவதால் யாரும் வளைக்கக் கூடியது என்று கண்டித்தது. கண்டிப்பாக வேலை வாங்கிய அதிகாரியைப் பற்றி, கண்டிப்பு வாங்கியவர் என்ன சொல்லுவார்? ஒப்பந்தம் கொடுக்க மறுத்த அதிகாரியைப் பற்றி, ஒப்பந்தம் கிடைக்காதவர் என்ன சொல்லுவார்?

நண்பர்களே, நிதானமாகக் கேளுங்கள். தேவ் தத் தன் மேலதிகாரி என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ளப் பதினான்கு வருஷம் போராடினார். அவரைப் பற்றி எழுதியது குறைந்தபட்சம் ஒரு தாளில் இருந்தது. எழுதியவர் கையெழுத்து இருந்தது. தேதி இருந்தது. இன்றைக்கு எழுதப்படாத, கையெழுத்தில்லாத, தேதியில்லாத ஒரு கருத்து, ஒரு தொலைபேசி உரையாடல், ஒருவரின் இருபத்தைந்து வருஷ உழைப்பை முடிவு செய்யலாம். கதவைத் திறக்கச் சொன்னோம். திறந்தார்கள். உள்ளே இருந்த ரகசியம் பின்வாசல் வழியாகப் போய் அடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டது. சட்டம் எந்த வீட்டை இப்போது காவல் காக்கிறது?

அரசின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எழுத்தில் உள்ள மதிப்பெண்ணை நம்ப முடியவில்லை, நேர்மை பற்றிய உண்மையை யாரும் எழுத்தில் தரமாட்டேன் என்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். உண்மை. ஆனால் அதற்குப் பரிகாரம், சொல்கிறவர் பெயரை மறைத்தாலும் சொன்ன விஷயத்தைக் காட்டுவது. இன்னாரிடம் கேட்டோம் என்று சொல்ல வேண்டாம். உங்களைப் பற்றி இப்படி ஒரு குறை வந்திருக்கிறது, உங்கள் பதில் என்ன என்று கேட்கலாமே? தேவ் தத் தீர்ப்பின் சட்டம் அதற்குப் போதும். பாதிப்பைத்தான் பார்ப்போம், பெயரைப் பார்க்க மாட்டோம் என்று அன்றைக்குச் சொன்ன நீதிமன்றம், அதற்கு அறிக்கை என்று பெயரா, பின்னூட்டம் என்று பெயரா என்று இன்றைக்குப் பார்க்க வேண்டியதில்லை. இது என் வாதம். எந்த அமர்விலாவது ஓர் இளம் வழக்குரைஞர் இதை எடுத்து வைப்பார் என்று நம்புகிறேன். அவர் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

அறிக்கை எழுதுகிற அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. ஒன்பதரை போடுவதும் ஒருவகைப் பொய் அறிக்கைதான். அதனால் பாதிக்கப்படுகிறவர் உண்மையிலேயே ஒன்பதரைக்கு உழைத்தவர். ஏழுதான் என்றால் ஏழு போடுங்கள், பக்கத்தில் இரண்டு வரி காரணம் எழுதுங்கள், அவர் செய்த ஒரு வேலையையும் செய்யாத ஒரு வேலையையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அப்படி எழுதிய அறிக்கையை எந்தத் தீர்ப்பாயமும் லேசில் கலைக்காது. கலைகிறவை எல்லாம் காரணம் இல்லாதவை, தாமதமானவை, காட்டாதவை.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கை ஸ்பாரோவில் வந்து விழுந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதரை என்றாலும் திறந்து, எல்லாப் பத்திகளையும் படியுங்கள். உடன்பாடில்லை என்றால் முறையிட உங்களுக்கு இருப்பது 15 நாள். அதைத் தவறவிட்டுவிட்டு ஓய்வு பெறும்போது எங்களிடம் வராதீர்கள், அந்த வருஷத்திலேயே வாருங்கள்.